கிழக்கு கேலரியின் போல்ட்டுகள்

நான் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவன். முப்பத்தொன்பது வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவனுக்கு முதல் பக்கம் கொஞ்சம் கனம்தான். கடைசிப் பக்கத்தில் கால்பந்து லீக் பட்டியல் இருக்கும். அதையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். நீலக் கிளப் எந்தக் குழியில் கிடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எங்கள் சிவப்புக் கிளப் எங்கே இருக்கிறது என்பது அப்புறம்.

அய்யா, நாளை மறுநாள் விசாரணையில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கிழக்கு கேலரிக்குப் புது போல்ட்டுகள் வந்தனவா, வரவில்லையா என்று கேட்பீர்கள். வாயால் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும். அதனால் எழுதித் தருகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். சொல்ல வந்தது கோணலில்லை.

என் வேலை போல்ட் முடுக்குவது. நீலக் கிளப்பின் மைதானத்தில் ஆறு வருடம். ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க அதைத் தொட வேண்டியதில்லை. முடுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து கீழே தகடு வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுவோம். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து நிற்கும். பத்தடி தள்ளி நின்றே தெரியும். கோடு நேராக இருந்தால் பதிவேட்டில் அந்த போல்ட்டின் எண்ணுக்கு எதிரே ‘சரி’ என்று எழுத வேண்டும். என் தங்கை எனக்கு முதன்முதலில் எழுதக் கற்றுக்கொடுத்த சொல் அதுதான்.

எழுதத் தெரிந்தால்தான் அந்த வேலை கிடைக்கும் என்றார்கள். அவள் வீட்டுச் சமையலறை மேசையில் ஏழு மாதம் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தாள். வேலைக்குச் சொல்லி வைத்தது அவள் கணவர். அவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவர் பிறவி நீலம். நான் சிவப்பு. சிவப்புக்காரன் நீல மைதானத்தில் போல்ட் முடுக்குவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“உங்க ஆளுங்க விளையாட்டுலதான் எங்களுக்கு ஒரு உபயோகமும் இல்ல. நீங்களாவது நட்டு போல்ட்டு முடுக்குங்க மச்சான்.”

இருபது வருடம் நீலம்தான் எல்லாக் கோப்பையும் வாங்கியது. இருபது வருடமும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடிப்பதைவிட பஸ்ஸைப் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்பார். மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொண்டேன். என் தங்கை சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து சிவப்புக் கொடி ஆட்டியவள். கல்யாணமான அடுத்த வாரமே கழுத்தில் நீலத் துண்டு. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

பிறகு நீலம் சரிய ஆரம்பித்தது. கிளப்பைப் புதியவர்கள் வாங்கினார்கள். ஒரே வருடத்தில் நான்கு பயிற்சியாளர்களை மாற்றினார்கள். நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு அலுவலகத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். பெரிய ஸ்ட்ரைக்கர் ஒருவர் வருகிறார் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் பூங்கொத்தோடு விமான நிலையத்தில் காலையிலிருந்து நின்றார்கள், அவர் வரவே இல்லை.

எங்கள் ஆட்கள் கூடுமிடம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் முடிவெட்டும் கடை. கண்ணாடியில் லீக் பட்டியலை ஒட்டி வைத்திருப்பார் கடைக்காரர். கத்தரி ஒருபக்கம் ஓடும், வாய் ஒருபக்கம் ஓடும்.

“புது கோச்சுக்கு வாடகை வீடெல்லாம் வேணாம்பா. பெட்டியைப் பிரிக்கறதுக்குள்ள அனுப்பிடுறாங்க.”

அந்தக் கடையில் நான் சிரித்த அளவுக்கு என் வாழ்க்கையில் வேறெங்கும் சிரித்ததில்லை. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் கொட்டுவேன். அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

“யாராவது கீழே இருந்து தாங்கினாத்தானே மச்சான் நீங்க மேலே நிக்க முடியும்? நாங்க தாங்கறோம், விடுங்க.”

தோற்கத் தோற்க ஒரு ஆட்டம்கூட விடாமல் போனார்கள் அவரும் தங்கையும். கிழக்கு கேலரி, மேல்தளம், முன்வரிசை. கம்பித் தடுப்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டுதான் அவர் ஆட்டம் பார்ப்பார். அந்தத் தடுப்பைத் தாங்குவது நாற்பத்தெட்டு போல்ட்டுகள்.

மைதான மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. சீசன் ஆரம்பத்தில் அந்தத் தடுப்பின் நடுப்பகுதியில் கோடுகள் உடைந்திருந்ததைப் பார்த்தேன். மரை தேய்ந்துவிட்டது, முடுக்கினால் நிற்காது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். இதைக் கடையில் சொன்னேன். கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆட்டக்காரன் கழன்றான், கோச் கழன்றான், இப்போது போல்ட்டும் கழல்கிறதா என்றார். அடுத்த நாளே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கேலிப் படம்கூடப் போட்டார்கள். நான் சொல்லி ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வாரம் போல்ட்டுகள் வந்தன.

ஆமாம் அய்யா, வந்தன. பார்க்கலாம் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து, கேலரிக்கு அடியில் என் கருவி அறை வரைக்கும் அவரே தூக்கி வந்தார். சட்டையில் எண்ணெய் பட்டிருந்தது.

“ஆபீஸ்ல பேசி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. நீங்க சொன்ன அளவுதானான்னு பாத்துக்குங்க. சீக்கிரம் மாட்டிடுங்க.”

அளவு சரியாக இருந்தது. அந்த அலுவலகத்தில் மாதத்துக்கு ஒரு முறை மேசையும் ஆளும் மாறிக்கொண்டே இருக்கும். வாங்கிய சீட்டு எங்கே போனதோ தெரியாது. பெட்டியைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்றைக்கே மாட்டியிருப்பேன். ஆனால் அந்த வாரம் நீலம் ஐந்து கோல் வாங்கித் தோற்றிருந்தது. கடையில் எல்லோரும் போல்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மாற்றிவிட்டால் அந்தப் பேச்சு செத்துப்போகும். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். தடுப்பு கொஞ்சம் ஆடும், யாராவது பார்த்துப் புகார் செய்வார்கள், கேலரியை மூடுவார்கள். பாதி மைதானம் காலியாக நீலம் விளையாடும். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு சீசனுக்குச் சிரிக்கலாம். நினைத்தது அவ்வளவுதான்.

உடைந்த கோடுகளை அப்படியே விட்டால் மேற்பார்வைக்கு வருகிறவர் கண்ணில் படும், உடனே சரிசெய்யச் சொல்லிவிடுவார். அதனால் தின்னர் தொட்டுப் பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, நட்டு நின்ற நிலையிலேயே புதுக் கோடு போட்டேன். நிதானமாகப் போட வேண்டிய வேலை, கை நடுங்கினால் தெரிந்துவிடும். பதிவேட்டில் நாற்பத்தெட்டு முறை ‘சரி’ எழுதினேன். இப்படி ஐந்து வாரம். கடைசி வாரம் நடுவிலிருந்த ஆறு நட்டுகள் விரலாலேயே திரும்பின. அவற்றுக்கும் கோடு போட்டேன். பெட்டியைத் துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆளனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். எனக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. காலையில் தங்கைக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரும் நீலத் துண்டோடு வந்து நின்றார்கள்.

“எங்க டீம் ஜெயிக்கப் போவுதுன்னு தெரிஞ்சே படுத்துட்டீங்களா மச்சான்?” என்றார் மாப்பிள்ளை.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “நீங்க போய்ட்டு வாங்க. நான் அண்ணனோட இருக்கேன்” என்றாள். அவர் தன் துண்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். பார்த்துப் போங்க மாப்பிள்ளை என்று நான் சொன்னேன். இது முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சியில் பார்த்தோம். அவள் என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் நீலம் ஒரு கோல் போட்டது. எட்டு ஆட்டங்களில் அவர்கள் போட்ட முதல் கோல். அவள் எழுந்து குதித்தாள். மைதானமே குதித்தது. கிழக்கு கேலரியின் முன்வரிசை மொத்தமும் சந்தோஷத்தில் தடுப்பின் மேல் சாய்ந்தது. கேமரா அப்போது கோல் போட்டவனைக் காட்டிக்கொண்டிருந்தது. சத்தம்தான் முதலில் மாறியது. அவள் குதித்த நிலையிலேயே நின்றாள்.

ஒன்பது பேர் விழுந்தார்கள். மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை அதில் ஒருவர்.

பார்க்கலாமைக் கைது செய்தார்கள். அவர் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சாகத்தான் சொல்கிறார். போல்ட் வாங்கினேன், கையில் கொடுத்தேன், எப்படிக் காணாமல் போனதென்று தெரியவில்லை என்கிறார். யாரும் நம்பவில்லை. “ஸ்ட்ரைக்கர் வாங்கின மாதிரி போல்ட்டும் வாங்கினாராமா?” என்றார் கடைக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை, மற்றவர்களும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நிர்வாகம் பொய் சொல்லும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அதில் என் பங்கும் உண்டு.

போன வாரம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தேன். காவலர் பிடித்திருந்த கையோடு என்னைப் பார்த்து வணங்கினார். “நீங்க வந்து சொல்லுங்க, போதும். முடுக்கறவருக்குத் தெரியும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்” என்றார். என் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. யாரோ திருடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்.

அன்று மாலையே தங்கை வந்தாள். “முதல்ல எச்சரிச்சவனே நீதான்ணா. போல்ட் வரலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. அந்த ஆள் வெளிய வரக்கூடாது” என்றாள். மாப்பிள்ளையின் துண்டைத்தான் இப்போது அவள் போட்டிருக்கிறாள். கழற்றுவதே இல்லை. நீலம் அவளிடமிருந்து போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் வரலைன்னா நானும் அங்கதாண்ணா நின்னிருப்பேன். உன் காய்ச்சல்தான் என்னைக் காப்பாத்துச்சு.”

அதற்குப் பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன். பார்க்கலாமுக்காக மட்டும் எழுதவில்லை. அவள் காய்ச்சலுக்கு நன்றி சொல்கிறாள்.

அன்று காலை என் நெற்றியைத் தொட்டதும் அவள், “சுடவே இல்லையே அண்ணா” என்றாள். உள்காய்ச்சல் என்றேன். எனக்குக் காய்ச்சல் இல்லை அய்யா. எந்த போல்ட் எத்தனை ஆட்களைத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கேலரி நிறையும் என்றும் தெரியும்.

உங்கள் கோப்பில் விழுந்தவர்கள், இறந்தவர்கள் எல்லோர் பெயரும் இருக்கிறது. முன்வரிசையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இடம் அன்று காலியாக இருந்தது. அது ஏன் காலியாக இருந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.