டெஸ்மண்ட் மாஸ்டர் மேல ஒரு பெட்டிஷன்

...எட்டாவது சார், எட்டாவது! கண்ணால பாத்தேளே! எங்காத்து ஸ்னேஹா, லாங் ஜம்ப்புல எட்டாவது! பலகைய மிதிக்கறா, காலு எழும்பவே மாட்டேங்கறது. தொப்புனு மணல்ல விழறா. எல்லாம் அந்த கோச், டெஸ்மண்ட் மாஸ்டரோட கைங்கர்யம். உங்க லாவண்யாவும் அவர்கிட்டதானே குண்டு எறியறா? அதனாலதான் சந்திரன் சார், உங்கள தேடிண்டு கேலரி மேல வரைக்கும் ஏறி வந்தேன். இந்தாங்கோ பெட்டிஷன். 'இந்த கோச் வேண்டாம், மாத்துங்கோ'ன்னு எழுதியிருக்கேன். ஆறு பேரண்ட்ஸ் கையெழுத்து போட்டாச்சு, நீங்க ஏழாவது. படிச்சுட்டே போடுங்கோ, அவசரமே இல்ல. நான் பாட்டுக்கு பேசிண்டிருப்பேன், நீங்க பாட்டுக்கு படிங்கோ.

என்ன ட்ரெயினிங் சார் இது? ஓசூர் ரோட்ல இந்த சாஃப்ட்வேர் பசங்க போற ஜிம்மெல்லாம் பாத்திருக்கேளா? ஏசி, கண்ணாடி, மிஷின்! நம்ம மாஸ்டர்கிட்ட என்ன இருக்கு? ஒரு மரப்பெட்டி, நாலு மணல் மூட்டை. கேட்டா, "ஸார், தசை காட்டறதுக்கு இல்ல, தாண்டறதுக்கு உதவற பலம் வேணும்"ங்கறார். சரி, மூட்டைய தோள்ல வெச்சுண்டு நடன்னா, அதுக்கு கலாசிபாளையம் மார்க்கெட் போனா போறாதா? அங்க சும்னே, காசில்லாமலே தூக்கலாமே, கோச் எதுக்கு?

இன்னொண்ணு கேளுங்கோ. டயர இடுப்புல கட்டிண்டு ஓடணுமாம். பழைய டயர் ஒண்ணு கொண்டுவான்னு சொல்லியிருக்கார். இவ என்ன பண்ணினா தெரியுமா? என் ஸ்கூட்டர் ஸ்டெப்னிய கழட்டிண்டு போயிட்டா! எனக்கு தெரியாது. பொம்மசந்திரா ஸ்டாப்கிட்ட வரச்சே பங்ச்சர். திரும்பி பாக்கறேன், ஸ்டெப்னி இருந்த இடத்துல வெறும் காத்து! நான் வேர்த்து வழிய வண்டிய தள்ளிண்டு வரேன், ஆத்து வாசல்ல இவ அதே டயர இழுத்துண்டு ஓடறா. எதிராத்து எல்லம்மா, "ஏன் சாமி, பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு?"ன்னு கேக்கறா. என்னன்னு சொல்றது?

அப்புறம் அந்த பெட்டி. மேலேந்து குதிச்சா சத்தமே வரப்படாதாம். "பூனை மாதிரி இறங்கு"ங்கறார். சத்தம் வந்தா முட்டி உதைய வாங்கறதுன்னு அர்த்தமாம். எங்காத்துல என் ஆம்படையா ராஜலக்ஷ்மி குக்கர இறக்கற சத்தத்துக்கு எத்தன பேர் முட்டி போயிருக்கணும்!

இல்ல... முன்னேத்தமே இல்லேன்னு சொல்லல. நாலு மாசத்துல அரையடி கூடுதலா தாண்டினா. அத ஒத்துண்டுதான் ஆகணும். ஆனா அந்த அரையடி இன்னிக்கு எங்க போச்சு?

படிச்சாச்சா? அடுத்த பக்கம் திருப்புங்கோ, இணைப்பு இருக்கு. ஆதாரம் இல்லாம இந்த ஆராவமுதன் எழுதுவானா? பரீட்சை ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் சார், மார்க்ஸ் கார்டு செக்ஷன். மாஸ்டர் ஸ்கூல் டீம கூட்டிண்டு ஹாசன் போனாரே, போறதுக்கு முன்னாடி எழுதி குடுத்த சார்ட் அது. வாரா வாரம் எத்தன சதவீதம் வேலைன்னு போட்டிருக்கார். கடைசி வாரத்த பாருங்கோ. தொண்ணூறு! போட்டிக்கு முந்தின வாரம் பாதிக்கும் கம்மியா பண்ணி, கால ஓய்வா வெச்சுக்கணுமாம். காலம்பற இங்க இருந்த டாக்டர் சொன்னார். இந்த மனுஷர் என்னடான்னா...

என்ன, கண்ணாடிய தொடச்சுண்டு பாக்கறேள்?

மையா? ஆமா, அவர் எழுதினது நீலம். அந்த ஒம்போது மட்டும் ஸ்வல்ப கறுப்பாத்தான் இருக்கு. பக்கத்துல... ஓ. அதுவா. அது இனிஷியல். அடிச்சு திருத்தினா பக்கத்துல இனிஷியல் போடணும் சார். அது ரூல். இருபத்தெட்டு வருஷ பழக்கம், கை தானா போட்டுடுத்து...

சரி. ஆமா. நான்தான். சத்தமா சொல்லாதீங்கோ.

அன்னிக்கு ஸ்னேஹாவுக்கு காலேஜ்ல டெஸ்ட், அதனால சார்ட்ட என் கைல குடுத்தார். பஸ்ல பிரிச்சு பாக்கறேன், கடைசி வாரம் நாப்பதுன்னு இருக்கு. நாப்பது! எஸ்.எஸ்.எல்.சி.ல முப்பத்தஞ்சு பாஸ். அதுக்கு மேல அஞ்சே அஞ்சு! எங்காத்து பொண்ணு ஜஸ்ட் பாஸா? நாலோட தலைய மூடினா ஒம்போது, அவ்வளவுதானே. டெய்லி காலம்பற நான்தான் சார்ட்ட வாசிப்பேன், அவ பண்ணுவா. நாப்பதுன்னு எழுதியிருக்கறத தொண்ணூறுன்னு வாசிச்சா பொய்யாயிடுமே சார்! அதனாலதான் மொதல்ல திருத்திட்டு அப்புறம் வாசிச்சேன்.

ஏன் நாப்பதுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமோல்லியோ? அது அவர் தப்புதானே? ...இல்லியா?

மூணாம் நாள் குழந்தை கேட்டா சார். "அப்பா, காலெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, இன்னும் பண்ணணுமா?"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாஸ்டர் எழுதினா சரியாத்தான் இருக்கும், பண்ணு"ன்னேன். அவ பல்ல கடிச்சுண்டு பண்ணினா.

இப்போ குதிச்சு முடிச்சதும் அவர்கிட்ட போய் அழுதா. "நீங்க சொன்ன தொண்ணூறும் பண்ணினேனே மாஸ்டர்"னு. அவர் திடுக்குனு என்ன பாத்தார். ஒரே ஒரு தடவ. அப்புறம் அவகிட்ட, "என் தப்புதான்மா, எழுதறச்சே தவறிட்டேன். மூணு வாரத்துல மைசூர்ல இன்னொரு ட்ரயல்ஸ் இருக்கு, பாத்துக்கலாம்"ன்னார். அந்த பேப்பர பாக்கவே இல்ல சார். அவருக்கு தெரியும். தெரிஞ்சுண்டே எம்பொண்ணு முன்னாடி என்ன காப்பாத்திட்டார். அந்த கோவத்துலதான் ஓரமா உக்காந்து இந்த பெட்டிஷன எழுதினேன்.

சார்? எங்க எழுந்துட்டேள்? லாவண்யாவ கூப்பிடறாளா? அவ ஈவெண்ட் முடிஞ்சுடுத்தே! சரி, போறதுதான் போறேள், பேப்பர குடுத்துட்டு போங்கோ... சார், அந்த பக்கம் எதுக்கு? அங்க மாஸ்டர்னா இருக்கார்! சந்திரன் சார்! இருங்கோ, மெதுவா போங்கோ, எனக்கு முட்டி... அவர்கிட்ட நீங்க குடுக்காதீங்கோ. ப்ளீஸ். நான் குடுக்கறேன்.

...ஒண்ணுமில்லம்மா ஸ்னேஹா, நீ எழுந்துக்காத, ஐஸ் வெச்சுண்டே இரு. நீயும் கேக்கணும். டெஸ்மண்ட் மாஸ்டர்... ஒரு நிமிஷம்... இந்த சார்ட். இதுல நாலு போட்டது நீங்க. ஒம்போது போட்டது நான்.