சொந்த ஊர் எது என்று கேட்டேன்

நீண்ட வாக்கியங்கள் எனக்குப் பிடிக்காது. எழுவாய் இரத்தோட்டையில் பஸ் ஏறி, பயனிலை மாத்தளைக்கு வந்து சேர்வதற்குள் வாசிப்பவர் தூங்கிவிடுவார். இது பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது கற்ற பாடம். என் முதல் கட்டுரையில் இருந்த "ஆனால்", "ஓரளவுக்கு", "சிலர் கருத்துப்படி" எல்லாவற்றையும் விரிவுரையாளர் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். பயந்தவன்தான் இப்படி எழுதுவான், ஒரு கருத்தைச் சொல், சான்றை வை, நகர்ந்துவிடு என்றார். அவமானத்தில் அழுதேன். பிறகு கற்றுக்கொண்டேன்.

கடைசி வருட ஆய்வுக்கு இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் மலையகத் தோட்டத்து ஜனங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. யாரை இந்தியாவுக்கு அனுப்புவது, யாரை இங்கே வைத்துக்கொள்வது என்பதே எங்கும் பேச்சு. அவர்கள் மனதில் எந்த நாடு இருக்கிறது என்று நான் காட்ட வேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய், "உங்க சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்டேன்.

துறையூர்ப் பக்கம், நாமக்கல் பக்கம், முசிறிப் பக்கம் என்று தயங்காமல் சொன்னார்கள். ஒருவரும் அந்த ஊர்களைக் கண்ணால் கண்டதில்லை. தோட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பாட்டன் புறப்பட்ட ஊரைத்தான் சொல்வார்கள். பெண் கொடுக்க, எடுக்க அது வேண்டும். மாத்தளையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது.

கொழுந்து பறிக்கும் கிருஷ்ணம்மா மட்டும் தேத்தண்ணியை நீட்டியபடி கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள்.

"ஊரு முசிறிங்க. ஆனா அங்க எங்களுக்கு யாரு இருக்கா? நாங்க பொறந்தது, மூத்த புள்ளையப் பொதச்சது எல்லாம் இங்கதானேங்க."

முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது தெளிவாக இருந்தது.

இந்த மக்கள் இந்தியாவைத் தம் ஊர் என்கிறார்கள், அங்கே திரும்ப விரும்புகிறார்கள் என்று எழுதினேன். முதல் வகுப்புக் கிடைத்தது. உதவி விரிவுரையாளர் வேலையும் எனக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, அதை மறைக்க மாட்டேன்.

பிறகு பிரஜாவுரிமை விசாரணை வந்தது. கிருஷ்ணம்மாவும் அவள் கணவர் அழகுமுத்துவும் இங்கேயே இருக்க விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்குச் சிங்களம் தெரியாது, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்தை ஆராய்ந்தவன் என்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். என் கட்டுரையின் சுருக்கத்தை நானே சிங்களத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது அதிகாரியின் மேசையில் இருந்தது. என்னைக் கண்டதும் கிருஷ்ணம்மாவுக்கு முகம் தெளிந்தது. நம்ம தம்பி வந்துட்டாரு, இனிப் பயமில்லை என்று கணவரிடம் முணுமுணுத்தாள்.

எங்கே இருக்க விருப்பம் என்று அதிகாரி கேட்டார். அழகுமுத்து கைகட்டி நின்றார்.

"இங்கதாங்க ஐயா. செத்தாலும் இங்கதான்."

அதிகாரி என் வாயைப் பார்த்தார். அழகுமுத்து சொன்னதை அப்படியே சொன்னால் மேசையில் இருந்த கட்டுரை பொய். இவருடைய ஊர் முசிறி, அங்கே போகவே விரும்புகிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். நிச்சயமா என்று அதிகாரி பேனாவை நிறுத்தினார். நான் அழகுமுத்து பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, உங்க ஊரு முசிறிதானே?"

"ஆமாங்க," என்று பலமாகத் தலையாட்டினார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய நாளில் மாத்தளை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். கிருஷ்ணம்மா ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "நீங்க நல்லாத்தானே சொன்னீங்க தம்பி? பின்ன ஏன் அனுப்புறாங்க?" என்றாள். நல்லாத்தான் சொன்னேன் என்றேன். என் மேல் தப்பில்லை என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். இந்தியாவில் கரையிறங்கியதும் தங்கவைத்த முகாமிலேயே அழகுமுத்து இறந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது.

மற்ற லயங்களின் விசாரணைக்கும் என்னையே கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் திரும்பி அதே கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். நீங்களே ஒருமுறை அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். லயங்கள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன. நான் எழுதியது உண்மை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?