பினாங்கில் மூன்றாவது கம்பெனி

செஞ்சி பஜாரில் ஒரு வண்டி வேர்க்கடலை வாங்குவதும் பினாங்கில் ஒரு கம்பெனி வாங்குவதும் ஒரே வேலைதான், ஐயா. விற்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும், நம் முகத்தைக் காட்டக் கூடாது.

நானும் என் அண்ணன் சந்திரப்பிரபுவும் பட்டாளத்துக்குக் கூடாரமும் கான்வாஸ் பையும் தைத்துக் கொடுத்தோம். சீனாச் சண்டையில் எங்கள் மிஷின்கள் ஓயவேயில்லை. நைனா காலத்திலிருந்தே பினாங்கில் எங்களுக்குக் கடை உண்டு. அங்கேயும் இந்தோனேசியாவோடு சண்டை வந்தது. அந்த லாபத்தில், நொடித்துக் கிடந்த இரண்டு கூடாரக் கம்பெனிகளை அங்கே வாங்கிப்போட்டேன். மூன்றாவதாகத் தோட்டாக் கம்பெனி ஒன்று விலைக்கு வந்தது. அதுவும் கைக்கு வந்தால் மலேயாப் பட்டாளம் எதற்கும் எங்கள் வாசலுக்குத்தான் வரவேண்டும்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"துணியோட நிறுத்துடா நேமி. எறும்பைப் பாத்துக் கால் வைக்கிற ஜைன வம்சம், தோட்டா விக்கிறதா?"

"நாம சுடப்போறதில்லைண்ணா. விக்கத்தானே போறோம்."

"நீ நைனாவையே வித்துடுவே" என்று சிரித்தார்.

எப்படியும் வழிக்கு வருவார் என்று நம்பி, முதல் இரண்டு கம்பெனிகளையும் அடகு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டேன். மாசக் கடைசிக்குள் தொழிலில் பங்காளிகளான நாங்கள் இருவரும் பத்திரத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்றும் போகும், செஞ்சித் தொழிலும் பின்னாலேயே போகும். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குப் பக்கவாதம். பேச்சும் நடையும் நின்றன, புத்தி மட்டும் தெளிவு. வக்கீலை வைத்துக்கொண்டு மைப்பெட்டியை நீட்டினேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவருக்குப் பிறகு அவர் பங்கு எனக்குத்தான்.

என் மனைவி நீலாஞ்சனாவைத் தொண்டூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அண்ணனை நானே கவனித்தேன். அறைச் சாவி என் மடியில். பட்டினி போட்டேன் என்று மட்டும் உங்கள் போலீஸ் நோட்டில் எழுதாதீர்கள். தினமும் என் கையால் கஞ்சி காய்ச்சி, பால் விட்டு ஆற்றி, வாயருகே கொண்டுபோனேன். பொழுது சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். இருட்டில் பூச்சி புழு விழுந்து சாகும் என்று எங்கள் வீட்டில் விளக்கு வைத்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. அண்ணன் தண்ணீர்கூடத் தொடமாட்டார். உதடு வெடித்திருந்தும் பல்லைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் மட்டும் டம்ளர் மேலேயே இருந்தது.

கஞ்சிக்குப் பக்கத்தில் மைப்பெட்டியையும் வைத்தேன். பேரம் என்றால் எதிராளிக்கும் ஒரு வழி விடவேண்டும். "விரலை வைண்ணா, விடிஞ்சதும் கஞ்சி" என்று காதில் சொன்னேன். அவர் விரலைப் பிரிக்கவில்லை.

வாசல் பெருக்கும் பூவாயி ஒரு நாள் மறித்தாள். "இன்னா மொதலாளி, பொழுது பூட்டப்பறம் கஞ்சி எடுத்துனு போறீங்க? பெரியவரு வாயத் தொறக்கமாட்டாரே."

"பசிச்சா தொறப்பாரு. நீ வேலையைப் பாரு."

கெடுவுக்கு முன்பே அண்ணன் போய்விட்டார். விரதமிருந்து உடலை நீத்த உத்தமர் என்று உறவெல்லாம் கைகூப்பியது. நான் மறுக்கவில்லை. மரியாதை அவருக்குத்தானே. கம்பெனியும் கைக்கு வந்தது.

பூவாயி உங்களிடம் சொன்னதில் பொய்யில்லை. பகலில் ஏன் கொடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

பகலில் கொடுத்தால் சாப்பிட்டுவிடுவார், ஐயா.