திரைக்கு அந்தப் பக்கம்

"ஹலோ... ஆமா, வக்கீல்கள் அறைதான்... டேய், நீயா? இந்த நம்பருக்கு எதுக்குடா... மெதுவா. மெதுவா சொல்லு. யாரு வந்திருக்கா?"

கைபேசிகளை நீதிமன்ற வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வக்கீல்களுக்கென்று இருப்பது சுவரோரம் இந்த ஒரு போன்தான். அவள் மறு காதைப் பொத்திக்கொண்டாள்.

"போலீஸா? எத்தனை பேரு?... யூனிஃபார்ம்லயா?... ஒருத்தர் மட்டும். சரி. இப்ப எங்க நிக்கிறாங்க? கடையிலயா, திரைக்கு அந்தப் பக்கமா?"

வீட்டின் முன்னறைதான் தம்பியின் தையல் கடை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை.

"உள்ளயா? எப்படிடா உள்ள போனாங்க?... 'வாங்க சார், உள்ள வாங்க'ன்னியா?... பேன்ட்டுக்கு அளவு குடுக்க வந்தவங்கன்னு நெனச்சே. நாற்காலி வேற போட்டியாக்கும்... சரி, சரி, திட்டல.

கோர்ட் உத்தரவு கேட்டியா?... அவசரம்னா தாள் வேணாமாமா? ஆமா, ஆமா. போன மாசம் மாத்துன சட்டம். அவங்களுக்கு இப்ப எல்லாமே அவசரம்தான். காக்கா கத்துனாக்கூட அவசரம்... சிரிக்கலடா. வீட்டுல இருக்கறவனே உள்ள கூப்பிட்டுட்டா அந்த அவசரம்கூட வேண்டியதில்ல. நீதான் கூப்பிட்டுட்டியே.

என்ன எடுத்தாங்க?... கம்ப்யூட்டர். போகட்டும், அதுல ஒண்ணுமில்ல. வேற?... உன் போனா? கையிலருந்தே பிடுங்கிட்டாங்களா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு. என் பழைய போன் இருக்கே பித்தான் டப்பா, அதை அவங்க தொறந்து பாத்தாங்களா?... இல்ல. அப்பாடா. நல்லா கேளு. நான் நடத்தற கேஸ்ல, லாக்கப்ல செத்த அந்தப் பையன் உடம்பை நர்ஸ் பொண்ணு எடுத்த படம், அவ என்கிட்ட பேசுனது, எல்லாம் அதுலதான் இருக்கு. அவ யாருன்னு இன்னும் அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவளையும் விட்டுவைக்க மாட்டாங்க. அந்த டப்பா பக்கம் திரும்பிக்கூடப் பாக்காத. புரியுதா?... ஏன் பேச மாட்டேங்கற?... ஹலோ?"

எதிர்ச்சுவரில் ஒரு பல்லி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"உன் போனைத்தான் பிடுங்கிட்டாங்களே. நீ எதுல பேசற?"

...

"அவங்க கண்ணு முன்னாடியேவா எடுத்த?... ஆமா, உன் விரலுக்குத் தொறக்கும். எனக்குக் கையில கட்டுப் போட்டிருந்தப்ப நான்தானே உன் விரலையும் பதிய வெச்சேன்... இல்லடா. என்னைக் கூப்பிடணும்னுதானே எடுத்த. அழாத. இப்ப அவங்க என்ன பண்றாங்க?... சும்மா நிக்கிறாங்களா? பேசி முடிக்கட்டும்னா?

கட் பண்ணாத. பேசிக்கிட்டே இரு. எதிர் வீட்டு அம்மாவோட ரவிக்கை தச்சாச்சான்னு கேக்கறேன்னு வெச்சுக்கோ. ஆமா ஆமான்னு சொல்லு... இன்னும் சத்தமா... ம். இப்ப கேளு. போனோட பக்கவாட்டுல பட்டன் இருக்கா? அமுக்கிப் பிடி. அணையற வரைக்கும் விடாத. அணைஞ்சுட்டா அப்புறம் விரலுக்குத் தொறக்காது, நம்பர் கேக்கும். நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்... அடிப்பாங்க. தெரியும்டா... தெரியும். உனக்குத் தெரியாததை உன்கிட்டருந்து வாங்க முடியாதுல்ல. நான் கிளம்பி வந்துட்டே இருக்கேன். அமுக்கு ராஜா... அமுக்கிட்டியா?... இன்னும் கொஞ்சம்... என்ன சத்தம் அது?... யார் பேசறது? அவன் கையை விடுங்க. நான் அவனோட வக்கீல்... டேய்... தம்பி..."

லைன் அறுந்தது.

அவன் அணைத்தானா, அவர்கள் பிடுங்கினார்களா?

அவள் அந்தப் பழைய போனின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக் குரல் சொல்ல வேண்டும். அந்தக் குரலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுமுனையில் மணி அடித்தது.