‘லைன்’ என்ற ஒரு சொல்லால் எங்களை ஆண்ட அண்ணனுக்கு

கம்பங்களின் காவலரே! கடுமழையிலும் கலங்காத காளையே! கோபம் கொண்டாலும் குணம் குன்றாத கோமானே! துணை மின்நிலையம் முழுவதும் ‘லைன் அண்ணன்’ என்று அன்போடு அழைக்கும் லைன் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் தங்களைப் பாராட்டத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? ஆனால் தாங்கள் எங்களைக் கட்டி மேய்த்தது என்னவோ ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துத்தான். மின்கம்பிக்கும் லைன், கட்டணம் கட்ட நிற்கும் வரிசைக்கும் லைன், தொலைபேசிக்கும் லைன். கம்பம் கோணலாக நின்றால் “லைன் தப்புது”. மட்டம் போட்டவன் தலையைக் காட்டினால் “ஒழுங்கா லைனுக்கு வா”. பேச்சு அரசியலுக்குத் தாவினால் “அது நம்ம லைன் இல்லப்பா”. காரணமே இல்லாமல் கணக்குப் பிரிவுப் பக்கம் போய்வந்த ஆபரேட்டரிடம், “தம்பி, பில்லு பார்க்கப் போறியா, லைன் அடிக்கப் போறியா?” என்று மானத்தை வாங்கியவரும் தாங்களே, அந்தக் கணக்குப் பிரிவுத் தங்கையின் அப்பாவிடம் அவனுக்காகப் பேசி, திருமணத்தை முடித்துவைத்தவரும் தாங்களே!

வீட்டிலும் இதே கதைதான் என்று அண்ணி சொல்லிச் சிரித்தார். “லைன்லயே இருன்னு சொல்லிட்டு கம்பம் ஏறிடுவாரு. அவரு இறங்கி வர்றதுக்குள்ள நான் சமையலையே முடிச்சிடுவேன்.”

ஆனால் ‘லைன் கிளியர்’ என்பதை மட்டும் தாங்கள் விளையாட்டாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்த அனுமதியை வாங்கினால் மின்சாரம் நிற்கும், நாங்கள் கம்பம் ஏறலாம். திருப்பிக் கொடுத்தால் மறுநொடி மின்சாரம் பாயும். திருப்பிக் கொடுக்குமுன், ஏறியவர் அத்தனை பேரையும் தரையில் தங்கள் கண்ணால் பார்த்தாக வேண்டும். “மேல யாரும் இல்லண்ணே” என்ற வாய்ச்சொல் தங்களிடம் செல்லாது.

புயலுக்கு மறுநாளை யாரால் மறக்க முடியும்? ஊரே மின்சாரமின்றித் தவித்தது. பெரிய அதிகாரி தொலைபேசியில் காய்ச்சி எடுத்தார்.

“வேலைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் ஏன்யா லைன் கிளியரைத் திருப்பல? உன் புரமோஷன் என் கையில இருக்கு, தெரியுமில்ல?”

“மீசைக்காரனை இன்னும் பார்க்கல சார். பார்த்துட்டுத் தர்றேன்.”

மீசைக்காரர் டீக்கடையில் இருப்பார் என்று நாங்கள் சத்தியம் செய்யாத குறை. தாங்கள் காதில் வாங்கவில்லை. கம்பம் கம்பமாக நடந்தீர்கள். கடைசிக் கம்பத்தில், மரக்கிளைகளின் மறைவில் இருந்தார் மீசைக்கார லைன்மேன். மறந்துவிட்டு வந்த புதுக் கட்டிங் பிளேயரை எடுக்க, யாரிடமும் சொல்லாமல் மறுபடி ஏறியிருந்தார். இறங்கியவரைத் திட்டினீர்களே ஒரு திட்டு! திட்டி முடித்த பிறகுதான் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

அதிகாரி சொன்னதைச் செய்தார். பதவி உயர்வு கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை. மன்னிப்புக் கேட்டு வந்த மீசைக்காரரிடம், “போடா, போய்ப் புள்ளைங்களைப் பாரு” என்றதோடு சரி. பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முன் எங்கள் அடுக்குமொழி எம்மாத்திரம்!

பண்பின் பெட்டகமே! இனி மழை வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து ரசியுங்கள். இடி இடித்தால் போர்வையை இழுத்துக்கொண்டு உறங்குங்கள். உடலில் உறுதியும் உள்ளத்தில் உவகையும் ஓங்க, அண்ணியோடு நெடுங்காலம் நலமே வாழ்க!

மடலில் என்ன எழுதலாம் என்று மீசைக்காரரின் மனைவியையும் கேட்டோம். “நான் என்னத்தச் சொல்ல? சாயங்காலம் ஆனா எங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு வந்துடறாரு. அதை எழுதுங்க” என்றார்.

எழுதிவிட்டோம், அண்ணா.

இங்ஙனம்,
மாலையானால் வீடு திரும்பும் தங்கள் பணியாளர்கள்