ஆசீர் அண்ணனின் இரண்டாவது மன்றாட்டு

மேடையில் வீற்றிருக்கும் வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே! பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆசீர் அண்ணனோடு முப்பத்துநான்கு ஆண்டுகள் தோளோடு தோள் நின்ற தோழர்களே! கொள்ளிடக் கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் மாரியாயி அம்மா அவர்களே! மேடைக்கு அழைத்தும் வர மறுத்து மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திரு. வீரமலை அவர்களே! அவருடைய துணைவியார் ஆனந்தவள்ளி அவர்களே! என் பங்கு மக்களே! உங்கள் அனைவருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ரோசரியின் வணக்கம்.

அண்ணன் இறந்து இன்று முப்பதாம் நாள். அண்ணன் ஆசீரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி பங்குத்தந்தை என்னிடம் சொன்னார். "ஏன் சாமி, நானா?" என்று கேட்டேன். அண்ணனோடு அதிகமாகச் சண்டை போட்டவள் நான்தானே! "அதனாலதான் உங்களைக் கேக்கிறேன் டீச்சர்" என்றார்.

நம் பங்குப் பேரவையின் செயலராகப் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். ஆனால் செயலர் ஆசீர் என்று யாருக்காவது நினைவு வருகிறதா? வராது! ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கையில் ஒரு தாளோடு வாசக மேடைக்கு நடந்து வருவாரே, அந்த ஆசீர்தான் நினைவுக்கு வருவார். இருபத்திரண்டு ஆண்டுகள் நம்முடைய மன்றாட்டுகளை எழுதியவர் அவர். முதல் மன்றாட்டு திருச்சபைக்காக. இரண்டாவது மன்றாட்டு நம்மை ஆளும் தலைவர்களுக்காக. பிற ஆலயங்களில் இந்த இரண்டாவது மன்றாட்டு ஒரே வரியில் ஓடிவிடும். நம் ஆலயத்தில் ஓடியதா? டெல்லியில் இருப்பவர் முதல் நம் வார்டு கவுன்சிலர் வரை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நிறுத்தி, நிதானமாக, வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளைக்காகக் கேட்பதுபோல் கேட்பார்.

ஆட்சி மாறும், பெயர்களும் மாறும். அவர் குரல் மட்டும் மாறாது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் நம்மில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். "அந்த ஆளுக்கெல்லாம் எதுக்குங்க ஜெபம்?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "புடிச்சவருக்கு மட்டும் பண்ணா அதுக்குப் பேரு ஜெபம் இல்லீங்க, கோஷம்."

நான்கு ஞாயிறுகள் போய்விட்டன, மக்களே. இரண்டாவது மன்றாட்டு வரும்போது என் காது அந்தக் குரலைத் தேடுகிறது. நான் மட்டும்தான் தேடுகிறேனா? நீங்கள் தேடவில்லையா?

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேட்டும் நான் விளங்கிக்கொள்ளாத ஒன்றை அந்தத் தவறுதான் எனக்கு விளக்கியது.

நம் கல்லறைத் தோட்டத்துக்கு முன்பு பாதை கிடையாது. மழைக்காலத்தில் நெஞ்சளவு தண்ணீர். என் கணவர் சூசைமாணிக்கம் ஒரு மழை நாளில்தான் இறந்தார். அவருடைய பெட்டி தண்ணீரில் நனைந்துகொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். இனி ஒரு குடும்பத்துக்கும் இப்படி ஆகக்கூடாது என்று மூன்று ஆண்டுகள் மனுவோடு அலைந்தேன். எத்தனை அலுவலகங்கள்! எத்தனை வாசல்கள்! கடைசியில் அந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தவர், இதோ அமர்ந்திருக்கிறாரே, அன்றைய சட்டமன்ற உறுப்பினர் வீரமலை ஐயா. நான்கே மாதத்தில் போட்டுக் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

அந்த ஆண்டு பங்குத் திருவிழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தேன். ஆலய வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் வைத்தேன். அதில் என்ன எழுதினேன் தெரியுமா? "எங்கள் மீட்பரே, வருக!" இயேசுவுக்கு மட்டுமே உரிய அந்தச் சொல்லை நான் எழுதினேன்! முப்பது ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்த இந்தக் கை எழுதியது!

ஆசீர் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், ரோடு போட்டவருக்கு நன்றி சொல்லணும். நாலு ஃப்ளெக்ஸ் வேணா வைங்க, நானே வந்து கட்டுறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துருங்க."

"எல்லாரும் எழுதுறதுதானே அண்ணே? ஒரு மரியாதைக்குத்தான்."

"மரியாதை இல்லீங்க அது. அவரு தலையில நாம பாறாங்கல்லைத் தூக்கி வைக்கிறோம். சாம்பல் புதன்ல நம்ம நெத்தியில பூசுற சாம்பல்தான் அவரு உடம்பும். மீட்பர் மீட்பர்னு சொல்லிச் சொல்லி, அவரையே நம்ப வச்சுட்டோம்னா அந்தப் பாவம் யாருக்கு?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் சொன்ன வார்த்தை இது: "உங்க வீட்டுச் சாவு தண்ணியில போயிருந்தா உங்களுக்குத் தெரியும்!"

அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஃப்ளெக்ஸை நான் எடுக்கவில்லை.

அதே மாதத்தில்தான் கொள்ளிடக் கரையில் நாற்பது குடும்பங்களின் வீடுகளை இடித்தார்கள். மாற்று இடம் தருவதாக வீரமலை ஐயா அந்த மக்கள் நடுவில் நின்று வாக்குக் கொடுத்திருந்தார். இடம் வரவில்லை. பிள்ளைகளும் பாத்திரங்களுமாகக் கரைமேல் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். நமக்கு அது தெரியாதா? தெரியும்! பொன்மலையில் யாருக்குத் தெரியாது? நம்முடைய பாதை நமக்குக் கிடைத்துவிட்டது, மற்றவர்களைப் பற்றி நமக்கென்ன என்று இருந்தோம்.

திருவிழாத் திருப்பலி. முதல் வரிசையில் வீரமலை ஐயா. ஆலயம் நிரம்பி வழிகிறது. அண்ணன் வந்து நிற்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், இரண்டாவது மன்றாட்டை வாசிக்கிறார். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்படியே படிக்கிறேன்:

"எம் சட்டமன்ற உறுப்பினர் வீரமலைக்காக. எங்கள் இறந்தோருக்குப் பாதை தந்த அவருடைய கைகளை ஆசீர்வதியும். வீடிழந்த நாற்பது குடும்பங்களுக்கு அவர் கொடுத்த வாக்கை அவருக்கு நினைவூட்டும். எங்கள் புகழ்ச்சியிலிருந்தும் எங்கள் அச்சத்திலிருந்தும் அவரைக் காப்பாற்றும். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நாம் பதில் சொல்ல வேண்டும். சொன்னோமா? ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஆயிரம் பேர் இருந்த ஆலயத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவரே அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டு, மூன்றாவது மன்றாட்டுக்குப் போனார்.

வீரமலை ஐயா நற்கருணைக்கு முன்பே எழுந்து போய்விட்டார். மறுநாள் மாலை பேரவை கூடியது. விருந்தினரை அவமதித்த ஆசீரைச் செயலர் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம். முதலில் உயர்ந்த கை என்னுடையது. மன்றாட்டு எழுதும் வேலையையும் பறித்துவிடலாம் என்றார்கள். அப்படியானால் இனி யார் எழுதுவது என்று அன்றைய பங்குத்தந்தை கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம்! அதனால் அந்த வேலை மட்டும் அவரிடமே இருந்தது. அடுத்த ஞாயிறும் வந்து, வீரமலை பெயரை அதே அன்போடு வாசித்தார்.

பிறகு தேர்தல் வந்தது. ஐயா தோற்றார். ஒரு வழக்கு வந்தது, நாற்பத்தேழு நாள் சிறையில் இருந்தார். ஐயா, உங்கள் முன்னாலேயே இதைச் சொல்கிறேன். சொல்லச் சொன்னவர் நீங்கள்தான்.

அப்போது நாம் என்ன செய்தோம்? மீட்பர் என்று சொன்ன அதே வாயால் திருடன் என்றோம். நான்தான் பேரவையில் எழுந்து, "அந்தப் பேரு இனிமே பீடத்துக்கிட்ட கேக்கக்கூடாது" என்றேன்.

அண்ணன் வாசலோரம் நின்றிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "டீச்சர், அவரு அன்னைக்கும் சாமி இல்ல, இன்னைக்கும் பேய் இல்ல. அன்னைக்கும் இன்னைக்கும் மனுஷன்தாங்க."

அடுத்த ஞாயிறு இரண்டாவது மன்றாட்டில் புதிய சட்டமன்ற உறுப்பினரின் பெயர் வந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். நான்காவது மன்றாட்டு நோயாளிகளுக்காகவும் சிறையில் இருப்போருக்காகவும். அதில் வந்தது வீரமலையின் பெயர்!

இதற்குப் பிறகு நடந்தது எனக்குப் போன மாதம் வரை தெரியாது. அடக்கத்தன்று ஆனந்தவள்ளி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஜாமீன்ல வந்ததுக்கப்புறம் எங்க வீட்டுப்பக்கம் ஒருத்தர் எட்டிப் பாக்கலைங்க. இவரு மட்டும் வியாழக்கிழமை ஆனா சைக்கிள்ல ஸ்ரீரங்கம் வந்துருவாரு. மொத நாளு எங்க வீட்டுக்காரங்க கத்துனாங்க, 'என்னைய அசிங்கப்படுத்திட்டு இப்ப வேடிக்கை பாக்க வந்தியா'ன்னு. அதுக்கு அவரு, 'இல்லீங்க. ஞாயித்துக்கிழமை உங்க பேரைச் சொல்லி வேண்டிக்கிறேன். ஆளைப் பாக்காம பேரை மட்டும் சொல்றது நல்லா இல்ல, அதான் வந்தேன்'னாரு. எங்க பெருமாள் படத்துக்குக் கீழதான் உக்காருவாரு. காப்பி குடிப்பாரு. கட்சியைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு! எழுபதை நெருங்கும் வயதில், காவிரிப் பாலத்தில், எதிர்க்காற்றில்!

நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை வீரமலை ஐயாவே கேட்டாராம்: "ஆசீரு, அந்த நாப்பது குடும்பம் இப்ப எங்கய்யா இருக்கு?" கேட்டதும் அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றிருக்கிறார்.

இருவரும் ஆட்டோவில் போய்க் கரையில் இறங்கினார்கள். அந்த நாற்பது குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த மாரியாயி அம்மா இதோ இருக்கிறார். சற்று முன்பு அவர் என்னிடம் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். "அந்த ஆளப் பாத்ததும் வெளக்கமாத்தத் தூக்கிட்டேன் டீச்சர். ஆசீரு அய்யா குறுக்க வரவே இல்ல. அடிச்சா அடிக்கட்டும்னு ஓரமா நின்னாரு. அந்த ஆளு கையெடுத்துக் கும்புட்டு, 'இப்ப என்கிட்ட பதவி இல்ல தாயி. நான் வாக்குக் கொடுத்தது நெசம், அதைக் காப்பாத்தாதது என் தப்பு. அதை எங்க வேணாலும் வந்து சொல்றேன்'னாரு. எனக்கு ஆத்திரம் தீரல. ஆனா வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுநாள். கதவுகள் தானாகத் திறந்த காலம் பார்த்தவர், அன்று மாரியாயி அம்மாவுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். அந்த மக்களுக்கென்று சொன்ன இடத்தைத் தனக்கு வேண்டியவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்ததாகத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அதனால் அவருடைய கட்சி அவரை நீக்கியது. இனி அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கப்போவதில்லை. அது அவருக்குத் தெரிந்தே நடந்தது. இருபத்தேழு குடும்பங்களுக்கு இன்று பட்டா இருக்கிறது. பதின்மூன்று குடும்பங்களின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மக்களே, அவரைத் துதித்த நாம் இதைச் செய்ய வைத்தோமா? அவரைத் தூற்றிய நாம் செய்ய வைத்தோமா? அவர் முகத்துக்கு எதிரே உண்மையைச் சொன்னவர், அவர் விழுந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இது இரண்டு வேலை என்று நான் நினைத்திருந்தேன். அண்ணனுக்கு இரண்டும் ஒன்றுதான். தலைவனைக் கும்பிடாதே, அவனைக் கைவிடவும் செய்யாதே! கிறிஸ்தவன் ஒரு தலைவனைப் பார்க்க வேண்டிய பார்வை இதுவல்லாமல் வேறு எது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. அடக்கத்தன்று அண்ணனின் பெட்டி அந்தப் பாதையில் போனபோது, தூக்கியவர்களின் தோள்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். திடீரென்று கண்முன் வந்தது. அந்த மழைநாளில், நெஞ்சளவு தண்ணீரில், என் கணவரின் பெட்டியை முன்பக்கம் இடது தோளில் தாங்கி நடந்தவர் யார்? பெட்டி நனையாமல் இருக்கக் நுனிக்காலில் எம்பி எம்பி நடந்தவர் யார்? ஆசீர் அண்ணன்! அவரைப் பார்த்துத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "டீச்சர், நானும் அந்தத் தண்ணியில நின்னேன்" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாமே!

அந்த வார்த்தைக்குப் பிறகும் ஏழு ஆண்டுகள் ஒரே தெருவில் குடியிருந்தோம். தினமும் பார்த்தேன். "சாப்பிட்டாச்சா டீச்சர்?" என்று அவர்தான் முதலில் கேட்பார். மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனை காலை, எத்தனை மாலை கொடுத்தார்! இன்று அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது, யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட மாட்டார்களா என்று நடையை மெதுவாக்குகிறேன். யாரும் கேட்பதில்லை. மன்னித்துவிடுங்கள், அண்ணே. இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

அழுதுவிட்டுக் கலைந்துபோனால் போதுமா? போதாது! பதின்மூன்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. வரும் திங்கட்கிழமை மாரியாயி அம்மா மறுபடியும் மனுநாளுக்குப் போகிறார். வீரமலை ஐயா சாட்சிக்கு வருகிறார். நம் பேரவையும் அந்த வரிசையில் நிற்கும். இது இந்த அவையில் நாம் எடுக்கும் உறுதி. நிற்கத் தயாராக இருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்... நன்றி. நன்றி, மக்களே. மாரியாயி அம்மா, நீங்கள் உட்காருங்கள், இவர்கள் நிற்கட்டும்.

மன்றாட்டு எழுதும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் தந்திருக்கிறார். வரும் ஞாயிறு நான் வாசிக்க வேண்டும். நேற்று பகல் முழுவதும் மேசைமுன் உட்கார்ந்தேன். முதல் மன்றாட்டு எளிதாக வந்தது. இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது. இன்றைய சட்டமன்ற உறுப்பினர் தேர்தல் மேடையில் நம்மை இழிவாகப் பேசிய பேச்சு என் காதில் இன்னும் இருக்கிறது. மூன்று தாள்களைக் கிழித்தேன். எழுந்து போய்ச் சமைத்தேன், மறுபடியும் வந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பெயரை எழுதிவிட்டேன், அண்ணே. கோபம் போகவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.