சத்தம் வராத லேப்டாப்

அதை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள் சார். உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று தோன்றும். மூடியில் விரல் ரேகை சீக்கிரம் படிந்துவிடும், அது ஒன்றுதான் குறை. மற்றபடி இவ்வளவு விலை கொடுத்து வாங்கலாமா என்று கேட்டீர்களே, தாராளமாக வாங்கலாம். நான் யோசிக்காமல் வாங்கியவன் இல்லை.

என்னிடம் முன்பு இருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கக் கீல் உடைந்து, டேப் ஒட்டி வைத்திருந்தேன். சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் அடுத்த நிமிடம் உயிரை விடும். அதன் ஃபேன் போடும் சத்தத்தைக் கேட்டு, வீடியோவில் நேர்காணல் செய்த ஒருவர், "சார், பக்கத்துல ஏதாவது லாரி நிக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

விளம்பரக் கம்பெனியில் நல்ல பதவியில் இருந்தவன் நான். கம்பெனியை இழுத்து மூடியபின் ஒரு வருஷத்துக்கு மேல் ஏறி இறங்காத இடமில்லை. எங்கள் தொழிலில் முதலில் பேசுவது வாய் அல்ல சார். மேஜைமேல் நாம் எடுத்து வைக்கும் பொருள்தான். எதிரில் இருப்பவர்கள் சன்னமாக, பளபளவென்று ஒன்றைத் திறந்து வைத்திருப்பார்கள். நான் பையிலிருந்து என்னுடையதை எடுத்ததும் அவர்கள் கண் அந்த டேப்பில் போய் நிற்கும். அதற்குமேல் நான் பேசுவதெல்லாம் செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரிதான். ஒருமுறை ஒரு வரவேற்பறைப் பெண் என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவன் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினாள். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் பாலத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே தண்ணீர் இல்லை, ரயில் பாதைதான் இருந்தது. ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள்.

வீடு என்றால் அண்ணன் வீடு. வாடகை கொடுக்க முடியாமல் போனதும் அண்ணன்தான் வரச் சொன்னார். இரண்டே அறை. உள்ளறையில் அவர், முன்னறையில் நான். நடுவில் ஒரு மெல்லிய சுவர். அண்ணி துணிக்கடையில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார்.

அண்ணன் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஸ்ப்ரே வேலை. என் காலேஜ் ஃபீஸ் முழுக்க அந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் அந்தப் புகையிலேயே நின்றார். கடைசியில் நுரையீரல் கைவிட்டுவிட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்குப் போகும். மெஷின் நின்றால் தாங்க மாட்டார், கரண்ட் போனால் உடனே மாற்று ஏற்பாடு வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதற்காக வாடகைக்கு ஒரு சிலிண்டர் வைத்திருந்தார்கள். அண்ணி வீட்டில் இல்லாத நேரத்தில் அதை மாட்டிவிட அண்ணனுக்குத் தெம்பில்லை. எனக்கு நேர்காணல்களுக்கு அலையவே நேரம் சரியாக இருந்தது.

பட்டறைக்காரர் கடைசியாக ஒரு தொகை கொடுத்தார். நல்ல இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கிவிடுவதென்று முடிவானது. கரண்ட் போனால் மெஷின் தானாக அதில் ஓடும். அண்ணன் பணத்தை அப்படியே என் கையில் கொடுத்தார்.

"நீ படிச்சவன்டா. இதுல எது நல்லது, எது மட்டம்னு உனக்குத்தான் தெரியும். விலையப் பாக்காத. நல்லதா வாங்கு."

நல்லதாகத்தான் வாங்கினேன் சார். உங்கள் முன்னால் இருக்கிறதே, அதுதான்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு எளிதானது. இன்வெர்ட்டர் வாங்கினால் அது ஒரு மூலையில் சும்மா கிடக்கும். லேப்டாப் வாங்கினால் எனக்கு வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் முதல் சம்பளத்திலேயே இன்வெர்ட்டர் வந்துவிடும். கொஞ்ச நாள் இடைவெளி, அவ்வளவுதான். வீட்டார் வீணாகக் கவலைப்படக் கூடாது என்பதற்காகப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு இன்வெர்ட்டர் பெட்டியும் செத்த பேட்டரியும் கொண்டுவந்து, துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன். கரண்ட் இருக்கும்போது பச்சை விளக்கு எரியும். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. லேப்டாப் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பழைய சிநேகிதன் இரவல் கொடுத்தான் என்றேன். அண்ணி ஒருநாள் மெயின் ஸ்விட்சை அணைத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்றார். புது பேட்டரி அண்ணி, அப்படியெல்லாம் செய்யக் கூடாது, கெட்டுவிடும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

சிலிண்டரைத் திருப்பி அனுப்பச் சொன்னது நான் இல்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு வாடகை என்று அண்ணியே அனுப்பிவிட்டார். சிலிண்டரை இறக்கும்போது ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். பாரமாக இருந்தது.

லேப்டாப் வந்தபின் நிலைமை மாறியது உண்மை. உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். ஒரு பெரிய கம்பெனியில் இரண்டு சுற்று தாண்டிவிட்டேன். கடைசிச் சுற்று வீடியோவில். மூன்று பேர் எதிரில். சட்டையை இஸ்திரி போட்டு, முன்னறையில் வெள்ளைச் சுவர் பின்னால் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். இணையம் போனிலிருந்து.

பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரை லேசாக மங்கியது, அவ்வளவுதான். பழையதாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே என் கதை முடிந்திருக்கும். உள்ளறையில் ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று அலாரம் அடிக்க ஆரம்பித்தது. சீக்கிரம் கரண்ட் வந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு அண்ணன் சுவரைத் தட்டினார்.

கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்கு மூச்சு வேண்டுமே. தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

எழுந்து போயிருக்கலாம். பின்னால் கரண்ட் இல்லாத வீடு, அலாரம், மூச்சுக்குத் திணறும் ஆள், என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? இதைவிட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை சார். அந்தப் பாலம்தான் இருந்தது. அதனால் அவர்களிடமே கேட்டேன்: "எங்க பக்கத்துலருந்து ஏதாவது சத்தம் வருதா?"

நடுவில் இருந்த அம்மா, "இல்லையே, ரொம்பத் தெளிவா இருக்கு, சொல்லுங்க" என்றார்.

அதுதான் இந்த லேப்டாப்பின் சிறப்பு. இதன் மைக் பேசுகிற குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடும். சுவர் அதிர்வது என் முதுகுக்குத் தெரிந்தது. அவர்கள் காதுக்குப் போகவில்லை. குழுவை எப்படி நடத்துவேன் என்று கேட்டார்கள். சொன்னேன். தட்டுவது மெதுவானது. கடைசியாக, எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஆர்வமில்லாதவன் என்று நினைப்பார்கள். இரண்டு கேள்வி கேட்டேன். வேலை உங்களுக்குத்தான் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

மூடியை மூடிவிட்டு நல்ல செய்தியைச் சொல்ல உள்ளே போனேன். அண்ணன் கட்டிலிலிருந்து பாதி இறங்கி, சுவரில் சாய்ந்திருந்தார். உள்ளங்கை சுவரோடு ஒட்டியபடி இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பிறகுதான் அண்ணிக்குப் போன் செய்தேன்.

நான்தான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அண்ணி சொன்னதை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். என் படிப்புக்கும் முன்னேற்றத்துக்கும் எதையும் விட்டுக்கொடுத்தவர் அண்ணன். அவர் இப்போது இங்கே இருந்தால் என் பக்கம்தான் பேசுவார்.